மாமனாரின் விண்கல்

விண்கல்லுக்கும் வீண்கல்லுக்கும் நடுவே ஒரு சுழிதான் வித்தியாசம். இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை. கண்டுபிடித்த நாளிலிருந்து அதை அவர் ஒரு வாரம்கூடச் சும்மா விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் விண்கல் ஆர்வலர் சங்கம் கூடும். சுவரெல்லாம் சொத்தைப் பல் படங்கள். யாராவது ஒருவர் ஒரு கறுப்புக் கல்லைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கிவருகிற பதவிசோடு கொண்டுவருவார். வானத்திலிருந்து விழுந்தது என்பார். விழும்போது பார்த்தீர்களா என்று கேட்டால், பார்க்கவில்லை, ஆனால் பார்த்த மாதிரியே இருந்தது என்பார். எது எந்தக் கல் என்று அடையாளம் சொல்லும் பொறுப்பு, சங்கத்தின் அடையாளச் செயலாளரான மாப்பிள்ளைக்கு. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். நூலில் கட்டிய காந்தத்தைக் கல்லருகே ஆட்டுவார். கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். பிறகு ஒரு டைல்ஸைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான முதுகில் கல்லை ஓர் இழுப்பு இழுப்பார். சிவப்பாகவோ கறுப்பாகவோ அழுத்தமாகக் கோடு விழுந்தால் கதை முடிந்தது. வானத்துக் கல் அவ்வளவு சுலபத்தில் கோடு போடாது.

"சுழி மாறிப் போச்சுங்களே," என்பார் மாப்பிள்ளை.

கல்லைக் கொண்டுவந்தவர் விழிப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் காதில், "வீண்கல்லுன்னு சொல்றார்," என்று விளக்குவார். சபை சிரிக்கும். சங்கத்தில் இப்படிச் சிரிப்புக்கு ஆளாகாத உறுப்பினர் எவரும் இல்லை. பல் டாக்டரே நான்கைந்து தடவை ஆளாகியிருக்கிறார். மற்றவர்களின் வாயைத் திறக்கவைத்துக் குறை சொல்லியே பழகியவர், தன் கல்லைப் பற்றிக் குறை கேட்கும்போது முகத்தில் ஈ ஆடாமல் உட்கார்ந்திருப்பார்.

மாப்பிள்ளை கெட்டவர் அல்ல. வாரத்தின் மற்ற நாட்களில் அவர் 'இல்லை' என்ற சொல்லை உச்சரிக்க வாய்ப்பே கிடைக்காது, அவ்வளவுதான். அவர் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாரின் டைல்ஸ் கடையில் மேனேஜர். மாமனாரின் வீட்டு மாடியில் குடித்தனம். மாடிக்குப் போகும் படிக்கட்டு கீழ் ஹாலுக்குள் இருந்தது. படிக்கட்டுக்கு நேர் எதிரே மாமனாரின் நாற்காலி இருந்தது. ஏறினாலும் இறங்கினாலும், "எங்க மாப்பிள்ளை, அவசரமா?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் போகவேண்டும். கடையில் விலைபோகாத டைல்ஸ் எல்லாம் அந்த மாடித் தரைக்குத்தான் வந்து சேரும். மாப்பிள்ளை தம்பதியின் படுக்கையறைத் தரையில், குளியலறைக்கென்று செய்த மீன் டைல்ஸ் பதித்திருந்தது. கல்யாணமான புதிதில் அது வேடிக்கையாக இருந்தது.

அந்த வீட்டுக்குள் அவர் கொண்டுவந்த எதுவும் அவருடையதாக நீடித்ததில்லை. ஆசையாக ஒரு சாய்வு நாற்காலி வாங்கினார். மாமனாருக்கு முதுகுவலி வந்தது. கிரகங்களைப் பார்க்க ஒரு தொலைநோக்கி வாங்கினார். எதிர்ச் சாரியில் போட்டி டைல்ஸ் கடை திறந்ததும், அங்கே எத்தனை வாடிக்கையாளர்கள் நுழைகிறார்கள் என்று எண்ண மாமனாருக்கு அது பயன்பட்டது. கல் மட்டும்தான் மிஞ்சியது. கல்லில் மாமனாருக்கு ஆசை வராது என்று மாப்பிள்ளை நம்பினார். டைல்ஸ் விற்றுப் பிழைப்பவருக்குத் தரையில் கிடக்கும் கல்லின்மேல் என்ன மரியாதை இருக்கப்போகிறது?

ஆனால் மாமனார் ஒருநாள், ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், புறவழிச் சாலையோரம் காரை நிறுத்தச் சொல்லி, புதருக்குப் பின்னால் ஒதுங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வரும்போது கையில் ஒரு கறுப்புக் கல் இருந்தது.

"மாப்பிள்ளை, இது உங்க வகையறாவா பாருங்க."

மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பஞ்சு மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. ஒரு பக்கம் கண்ணாடி வழிந்து உறைந்ததுபோல் பளபளப்பு. இரும்பு உருக்கும் உலையில் மேலே மிதக்கும் கசடு. சாலை போடும்போது பள்ளம் நிரப்ப லாரி லாரியாகக் கொட்டியதில் ஒன்று. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் காந்தத்தைப் பையிலிருந்தே எடுத்திருக்க மாட்டார். ஆனால் இது கார். கதவுகள் சாத்தியிருந்தன. பின்சீட்டில் மாமியாரும் மனைவியும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனாரின் முகத்தில், முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் வெளிச்சம்.

"இருக்கலாம் மாமா," என்றார் மாப்பிள்ளை.

நம் பேச்சில் 'பார்க்கலாம்' என்றால் நடக்காது என்று பொருள். 'யோசிக்கலாம்' என்றால் மறந்தாகிவிட்டது என்று பொருள். 'இருக்கலாம்' என்பது அந்த வகையிலேயே மிக நாகரிகமான 'இல்லை'. இந்தச் சொற்களை ஆயுள் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்த்தவர் மாமனார். தன்னிடம் யாரும் இவற்றைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. ஆகவே அகராதியில் உள்ளபடியே பொருள் கொண்டுவிட்டார். முதல் பாலத்தைத் தாண்டும்போது 'இருக்கலாம்' என்பது 'இருக்கு' ஆனது. வீட்டு வாசலில் கார் நின்றபோது, "நம்ம மாப்பிள்ளையே பார்த்துச் சொல்லிட்டார்," என்று காவலாளியிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

விண்கல் ஆர்வலர் சங்கத்தில் அதுவரை ஆர்வலர்கள் இருந்தார்களே தவிர விண்கல் எதுவும் இருக்கவில்லை. எனவே விண்கல்லோடு வந்த மாமனாரை அவர்கள் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட கையோடு தலைவராகவும் ஆக்கினார்கள். ஏற்புரையில் அவர், "இயற்கை அழைத்தது, இறங்கினேன், வானம் கொடுத்தது, வாங்கிக்கொண்டேன்," என்றார். அந்த அழைப்பு எப்படிப்பட்டது என்று அந்தச் சபையில் தெரிந்திருந்த ஒரே ஆளான மாப்பிள்ளை கைதட்டினார். கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது. பெட்டி ஹாலில், நாற்காலிக்குப் பக்கத்தில், படிக்கட்டுக்கு நேராக அமர்ந்தது. இப்போது மாடி ஏறும்போது இரண்டு பேரைத் தாண்டவேண்டியிருந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தலைவருக்கு அத்தாட்சி வேண்டும் என்று ஆசை பிறந்தது. தலைநகரின் ஆய்வு நிலையத்துக்குச் சங்கம் இதற்கு முன்பும், மாப்பிள்ளையின் பேச்சைக் கேட்காமல், சில கற்களை அனுப்பியிருந்தது. எல்லாமே தரைக்கற்கள். கடைசி முறை தொலைபேசியில் பேசிய ஆய்வாளர் அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னார்: "இனிமே ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க சார். நல்லா யோசிச்சு அனுப்புங்க. அதுவும் தப்பாயிருந்தா, தயவு செஞ்சு எங்களை மறந்துடுங்க."

அந்த ஒரே ஒரு வாய்ப்புக்குத் தலைவரின் கல்லைவிடத் தகுதியானது எது? சங்கம் கை தூக்கி ஒப்புக்கொண்டது. கல்லிலிருந்து ஒரு துண்டை வெட்டி அனுப்பும் பொறுப்பு அடையாளச் செயலாளருக்கு வந்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். மாப்பிள்ளையிடம் ஒரு கல் இருந்தது.

மாமனார் புதருக்குப் பின்னால் ஒதுங்குவதற்குப் பல மாதம் முன்பே, டைல்ஸ் டெலிவரி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தொலைவிலிருக்கும் ஒரு களர் நிலத்தில் அவர் தனியாக நடந்திருக்கிறார். புல் முளைக்காத, உப்புப் பூத்த, கல்லென்று ஒன்றே இல்லாத வெளி. கல்லே இல்லாத இடத்தில் ஒரு கல் கிடந்தால் அது எங்கிருந்தோ வந்திருக்கவேண்டும் என்பது கணக்கு. கிடந்தது. கைப்பிடி அளவு. மேலே மெல்லிய கருகிய தோல். பிசைந்த மாவில் பெருவிரலை அழுத்தியதுபோல் அங்கங்கே குழிவு. ஒரு மூலை உடைந்த இடத்தில் சாம்பல் நிற உள்ளுடம்பு, அதில் ஊசிமுனை ஊசிமுனையாக உலோக மினுக்கல். காந்தம் தாவிப் போய் ஒட்டியது. டைல்ஸ் முதுகில் கோடு விழவில்லை. விண்கல்தான். ஏறக்குறைய நிச்சயம்.

அந்த 'ஏறக்குறைய'தான் கல்லை ஒரு வருடமாக, கடையில் டைல்ஸ் மாதிரிகள் வைக்கும் அறையின் அடித்தட்டில், ஒரு டைல்ஸ் பெட்டிக்குள் ஒளித்துவைத்தது. ஊரார் கல்லையெல்லாம் சுழி மாற்றியவர், தன் கல்லைக் கொண்டுபோய் அது தப்பாகிவிட்டால்? பல் டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொல்லக் காத்திருக்கிறார். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருப்பார். சரி, உண்மையான விண்கல்லாகவே இருந்துவிட்டால்? சாய்வு நாற்காலிக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும்.

மதியம், கடைப் பையன்கள் சாப்பிடப் போன நேரத்தில், மாப்பிள்ளை டைல்ஸ் வெட்டும் எந்திரத்தை ஓடவிட்டார். மாமனாரின் கசடைச் சக்கரத்தில் கொடுத்தார். கறுப்புச் சேறு தெறித்தது. ஒரு துண்டு விழுந்தது. அந்தத் துண்டை அனுப்பினால் ஆய்வு நிலையத்தின் கதவு சங்கத்துக்கு நிரந்தரமாகச் சாத்தப்படும். தன் பெட்டிக்குள் இருக்கும் கல் விண்கல்லா இல்லையா என்று அவர் சாகும்வரை தெரிந்துகொள்ள முடியாது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எந்திரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று குனிந்து அடித்தட்டிலிருந்து தன் பெட்டியை இழுத்தார். தன் கல்லை வெட்டினார். நீர் வழிந்து கழுவிய வெட்டுமுகத்தில், குட்டிக் குட்டி உருண்டை மணிகளும் வெள்ளி மினுக்கல்களும் தெரிந்தன. வெட்டிய துண்டை மாமனார் பெயரில் அனுப்பப் பொட்டலம் கட்டினார். கசடுத் துண்டைக் குப்பைக் கூடையில் போட்டார்.

எவ்வளவு அழகான ஏற்பாடு! தப்பாகிப்போனால் தப்பானது மாமனார் கல். சரியாகிவிட்டால் தனக்குத் தெரிந்துவிடும். உண்மையை எப்படிச் சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினார்.

பதில் வந்தது. உண்மையான விண்கல். சூரியக் குடும்பம் உருவான காலத்தைச் சேர்ந்த கல் வகை. ஆய்வாளர் அம்மாளின் குரலில் முதல் முறையாக உற்சாகம்: "எங்கே கிடைச்சதோ அந்த ஊர்ப் பேர்லதான் சார் உலகப் பதிவுல ஏறும். மீதிக் கல்லைப் பார்க்க நானே நேர்ல வரேன்."

மாப்பிள்ளை குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணீர்கூட வந்தது. வெளியே மாமனார், "மாப்பிள்ளை! உள்ள என்ன பண்றீங்க? பேனருக்கு வாசகம் சொல்லணும், வாங்க!" என்று கதவைத் தட்டினார்.

வாசகம் சொன்னார். அச்சடித்தவன் எந்தச் சுழியை எங்கே போட்டானோ, 'வீண்கல் கண்ட வித்தகர்' என்று வாசலில் பேனர் ஏறியது. "பரவாயில்ல, தூரத்துல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது," என்றார் மாமனார்.

ஆய்வாளர் அம்மாள் வந்த அன்று ஹால் நிறைந்திருந்தது. சின்ன வயதுதான்; மாமனார் நீட்டிய பூங்கொத்தை வாங்கியதும் வைக்க இடம் தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"சார், நீங்க அனுப்பின துண்டு இதுலருந்து வெட்டினதில்ல."

"அப்படின்னா?" என்றார் மாமனார்.

"இது உலைக்கசடு. இதோ பாருங்க, ஓட்டை ஓட்டையா இருக்கு. அந்தத் துண்டு வேற கல்லு."

மாமனாரின் முகம் ஒரு நிமிடம் கிழவர் முகமாக ஆனது. மாப்பிள்ளைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த 'பிறகு' இதுதான். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். இரண்டு தெரு தள்ளியிருந்த கடையைத் திறந்து, மாதிரி அறையின் அடித்தட்டிலிருந்து பெட்டியை இழுத்து, கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஆய்வாளர் அம்மாள் தன் பையிலிருந்து துண்டை எடுத்து வெட்டுமுகத்தோடு சேர்த்துப் பார்த்தார். பொருந்தியது. "இதுதான்! இதேதான்!" என்றார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"கிடைச்சிடுச்சா என் கல்லு!" என்று எழுந்த மாமனார், அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மாமா, இது உங்க கல்லு இல்ல. என்னோடது."

"அப்போ இந்தப் பெட்டில இருக்கறது?"

"அதுதான் உங்களோடது. நான் வெட்டும்போது, வந்து... துண்டை மாத்தி அனுப்பிட்டேன்."

மாமனார் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, தலை சாய்த்து, வியாபாரத்தில் தேர்ந்த நிதானத்தோடு கேட்டார்: "இது உங்களுக்கு எப்போ கிடைச்சது?"

"போன வருஷம். களர் நிலத்துல."

"யாருக்காவது காட்டினீங்களா?"

"இல்ல."

"சங்கத்துக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பில் பல ஞாயிற்றுக்கிழமைகளின் பாக்கி இருந்தது. "நம்ம அடையாளச் செயலாளர் கையில அசல் விண்கல் ஒரு வருஷமா இருந்திருக்கு. அதை யாருக்கும் சொல்லாம டைல்ஸ் பெட்டில வெச்சிருந்தார். ஏன் சார்?"

ஏன் என்பதற்கு மாப்பிள்ளையிடம் பதில் இருந்தது. 'நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்தேன்' என்பதுதான் பதில். அதைச் சொல்வதைவிடத் திருடன் என்று பெயரெடுப்பது அந்தக் கணத்தில் கௌரவமாகப் பட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முன்னாடி பெட்டில இருந்த கல்லு இதைவிடக் கொஞ்சம் உருண்டையா இருந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம்," என்றார் சங்க உறுப்பினரான டிரைவிங் ஸ்கூல்காரர், கசடைச் சுட்டிக்காட்டி.

"இவ்வளவு ஓட்டையெல்லாம் இல்லவே இல்ல," என்றார் இன்னொருவர்.

"போட்டோ இருக்கே! போட்டோவைப் பாருங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

போட்டோக்கள் வந்தன. எல்லாவற்றிலும் மாமனார் தெளிவாக இருந்தார். கல் கறுப்பாக இருந்தது.

"விடுங்க, விடுங்க," என்று மாமனார் கையமர்த்தினார். "கல்லுமேல ஆசை. என் கல்லை எடுத்துட்டுக் கசடை வெச்சுட்டார், கை தவறிடுச்சு. வெளி ஆளா இருந்தா வேற மாதிரிப் பேசியிருப்பேன். வீட்டுப் பிள்ளை. நான் மன்னிச்சுட்டேன்." சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாமியார் எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தார்; மாப்பிள்ளைக்கும், மன்னிக்கப்பட்டவருக்கு உரிய சர்க்கரை தூக்கலோடு, ஒன்று வந்தது.

காருக்குப் போகும்போது ஆய்வாளர் அம்மாள் அவரைத் தனியே நிறுத்தினார். "களர் நிலம்னா நம்பும்படியாத்தான் சார் இருக்கு. கசடு கொட்டின ரோட்டோரத்துல இது கிடைச்சதுன்னாத்தான் இடிக்குது. ஆனா அனுப்பினவர் பேர் அவர் பேர். ஒருத்தராவது அந்தக் கல்லை உங்க கையில முன்னாடியே பார்த்திருந்தா, அவர் சொன்னாப் போதும். அப்படி யாரும் இல்லாம ஆளுக்கு ஓர் இடம் சொன்னீங்கன்னா, 'இடம் தெரியாது'ன்னு போட்டு மூடிடுவோம். ஊர் இல்லாத கல்லுக்குப் பேர் கிடையாது. நாளைக்குள்ள போன் பண்ணுங்க."

ஒருத்தர் பார்த்திருந்தார். மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாக மாடி ஏறினார்.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பார்த்திருக்கியே! போன வருஷம், கடைல, பில் புக் தேடறேன்னு அந்தப் பெட்டியைத் திறந்தியே. கல்லைக் கையிலகூட எடுத்துப் பார்த்தியே!"

"பார்த்தேன்."

"அப்போ சொல்லு! கீழ வந்து சொல்லு, இல்லன்னா போன்ல சொல்லு. நீ சொன்னாப் போதும்!"

அவள் ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்தாள். "என்னங்க இதுன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

"'உனக்குப் புரியாது, வெச்சுட்டுப் போ'ன்னு சொன்னீங்க. வெச்சுட்டுப் போனேன். புரியாத பொருளுக்கு நான் எப்படிங்க சாட்சி சொல்றது?"

"இதுதான் சமயமா, குத்திக்காட்ட?"

"குத்திக்காட்டல. நடந்ததைச் சொல்றேன்." இன்னொரு சட்டையை எடுத்தாள். "அன்னைக்கு உட்காரவெச்சுச் சொல்லியிருந்தா, நான் உங்ககூடவே அந்த நிலத்துக்கு வந்திருப்பேன். ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், பல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊரைச் சிரிக்கவைப்பீங்க. இங்க இருக்கற என்கிட்ட அந்தக் கல்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா?" அந்தச் சட்டையையும் மடித்து அடுக்கினாள். "நான் இப்போ கீழ போய்ச் சொன்னா, அப்பா கண்டெடுத்தது ரோட்டுக் கழிவுன்னு ஊரே சொல்லும். கசடுன்னு அந்தம்மா சொன்னதும் அவர் முகம் எப்படி மாறிச்சு பார்த்தீங்கல்ல? உங்களுக்காவது அது நிஜக் கல்லுன்னு தெரிஞ்சுபோச்சு. அவருக்கு என்ன இருக்கு?"

"எனக்கு என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்," என்றாள், நிமிராமல். ஆறுதலாகச் சொன்னாளா, எச்சரிக்கையாகச் சொன்னாளா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. தரையில் மீன்கள் எல்லாம் ஒரே திசையில் நீந்திக்கொண்டிருந்தன.

மறுநாள் கடைக்குக் கிளம்பும் முன் மாமனார் தன் தொலைபேசியை எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மேஜைமேல் வைத்தார். "நீங்களே சொல்லிடுங்க மாப்பிள்ளை. உங்க வாயால சொன்னாத்தான் பிசிறு இல்லாம முடியும்." மாமியார் சமையலறை வாசலில் நின்றார். பல் டாக்டர், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவராக, சோபாவில் உட்கார்ந்திருந்தார். மனைவி படிக்கட்டின் பாதியில் நின்றாள். கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் போகவில்லை.

"சொல்லுங்க சார்," என்றது ஸ்பீக்கர்.

களர் நிலம் என்று சொன்னால் பக்கத்திலிருந்தே மறுப்பு வரும். இரண்டு இடம் சொன்னதாகும். கல்லுக்குப் பெயரே இல்லாமல் போகும். கோடிக்கணக்கான வருடம் அலைந்துவிட்டு வந்த ஒன்றை, ஒரு ஹாலுக்குள் அநாதையாக்கிய பழியும் சேரும். பொய் சொன்னால் அதற்கு ஒரு பெயராவது கிடைக்கும். தவறான பெயர்தான், இந்த உலகத்தில் தவறான பெயரோடு எத்தனையோ பேர் சௌக்கியமாக இல்லையா? இப்படியெல்லாம் மாப்பிள்ளை தனக்குத்தானே நியாயம் எடுத்துச் சொல்லிக்கொண்டார். அவர் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது படிக்கட்டை. அங்கே நின்றவள் ஒரு சொல் சொல்லிவிடுவாள் என்று கடைசி மூச்சுவரை காத்திருந்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். பைபாஸ் ரோட்டோரம்தான்."

"ரோட்டோரமா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"நேத்து நீங்க வேற சொன்னீங்க."

"அது... ஏதோ குழப்பம் மேடம்."

"சரி சார். எழுதிக்கறேன்." குரல் மறுபடி அலுவலகக் குரலாகியிருந்தது. "அப்போ மீதித் துண்டு ஏதாவது அங்கே கிடக்கலாம். அந்த ரோட்டோரம் முழுக்கத் தேடணும். உங்க சங்கத்தையும் சேர்த்துக்கறோம். கல்லு தெரிஞ்ச ஆள் நீங்கதானே, நீங்களே முன்னால நின்னு நடத்திக் குடுங்க. கிடைக்கிறது ஒவ்வொண்ணையும் நீங்க பார்த்துச் சொன்னப்புறம்தான் எங்களுக்கு அனுப்பணும். கொஞ்சம் வருஷம் ஆகும்."

"ஆகட்டுமே! அவருக்கென்ன வேற வேலை?" என்று மாமனார் ஸ்பீக்கருக்குள் குனிந்து உத்தரவாதம் கொடுத்தார்.

பல் டாக்டர் எழுந்து வந்து மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினார். நிஜமான அன்போடு. மனைவி படியேறி மேலே போனாள். கதவு மெதுவாகச் சாத்தப்படும் ஓசை கேட்டது.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்குக் குடிவந்திருந்த களர் நிலத்துக் கல்லை மாமனார் வெளியே எடுத்தார். மேஜை இழுப்பறையிலிருந்து தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டியும் ஒரு துணித் துண்டும் வந்தன. கல்லின் கருகிய தோல்மேல் தாராளமாக எண்ணெயை விட்டார். அது நுண்ணிய வெடிப்புகளுக்குள் இறங்கி, உறிஞ்சப்பட்டு, மறைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார்.

"எண்ணெய் விடக்கூடாது மாமா," என்றார் மாப்பிள்ளை. "உள்ள இறங்கிடும். அப்புறம் ஆராய்ச்சிக்கு ஆகாது."

"பார்க்கறதுக்குக் களையா இருக்கவேண்டாமா? நாலு பேர் வர்ற இடம்." துணியை நீட்டினார். "நீங்களே துடைங்க மாப்பிள்ளை. எனக்கென்ன தெரியும் இதைப் பத்தி? உங்க கை பட்டாத்தான் அது அழகா வரும்."

மாப்பிள்ளை கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்தார். பெட்டிக்குள்ளே ஒளிக்காமல், யாருக்கும் பயப்படாமல், பட்டப்பகலில் நாலு பேர் முன்னால் அந்தக் கல்லை அவர் கையில் வைத்திருந்தது அதுவே முதல் தடவை. துணியால் மெல்லத் தொட்டார்.

"அழுத்தித் துடைங்க," என்றார் மாமனார், செருப்பை மாட்டிக்கொண்டே. "வெட்டின பக்கத்தை அடில வெச்சுடுங்க. அசிங்கமா இருக்கு."